வெள்ளப் பகுதிக்குத் தன்னார்வ மருத்துவ அணி: கிளம்புவது முதல் திரும்புவது வரை முழுமையான வழிகாட்டி

நான் மருந்தாளுநர். மருத்துவ முகாமில் எனக்கு எப்போதும் கடைசி மேசைதான். ஆனால் அங்கே உட்கார்ந்தால் அணியின் எல்லாக் கோளாறும் தெரியும். பதிவு செய்தவர் கேட்காமல் விட்டது, டாக்டர் எழுத மறந்தது, செவிலியர் இரண்டு தடவை பார்த்தது எல்லாமே ஒரு துண்டுச்சீட்டாக என் கைக்கு வந்து சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னைப் பக்கம், அது முடிந்து இரண்டு வாரத்தில் தாமிரபரணி வெள்ளத்துக்குத் தூத்துக்குடி மாவட்டம் என்று ஒரே மாதத்தில் இரண்டு அணிகளோடு போனேன். முதல் அணியில் ஆளும் மருந்தும் ஏராளம், வேலை பாதிதான் நடந்தது. இரண்டாவதில் பத்தே பேர்தான், ஆனாலும் வேலை ஓடியது. என்ன வித்தியாசம் என்று யோசித்து எழுதியது இது.

மருந்து அளவு பற்றி வருகிற இடங்களில் முடிவு டாக்டருடையது, உள்ளூர் சுகாதாரத்துறை சொல்வதுதான் செல்லும். நான் சொல்லப்போவது வேலையின் வரிசையை மட்டும். அந்த வரிசை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது: நாம் கிளம்பின மறுநாள் இந்த நோயாளியை யார் பார்ப்பார்?

1. முதலில் போன், பிறகுதான் வண்டி

செய்தியில் தண்ணீரைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் தீயணைப்புத் துறை, பேரிடர் மீட்புப் படை, படகோடு வரும் மீனவர்கள் ஆகியோரின் நேரம். அப்போது நாம் போனால் மீட்கப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கையில் பத்து கூடும், அவ்வளவுதான்.

நமக்கான வேலை அதற்குப் பிறகு வருகிறது. மாத்திரை அட்டை தண்ணீரோடு போனவர்களுக்கு மூன்றாம் நான்காம் நாளில் பிரஷரும் சுகரும் ஏறும். சேற்றுப்புண், வெட்டுக்காயம், வயிற்றுப்போக்கு முதல் வாரத்தில். எலிக்காய்ச்சல் கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சலாக வெளிவரப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். தேங்கிய நல்ல தண்ணீரில் கொசு பெருகி டெங்கு தலைகாட்ட இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். ஆனால் தன்னார்வ அணிகளின் கூட்டமோ நான்காம் நாள் உச்சத்தில் இருந்து பத்தாம் நாள் காணாமல் போய்விடுகிறது. உங்களிடம் இருபது பேர் இருந்தால் பத்துப் பத்தாகப் பிரித்து, இரண்டாவது பத்தை இரண்டாம் வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். முதல் அணியில் இடம் கிடைக்காதவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

யாருக்குப் போன் செய்வது? மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அங்கே பேசிப் பதிந்துவிட்டு, நீங்கள் போக நினைக்கும் வட்டாரத்தின் வட்டார மருத்துவ அலுவலரின் எண்ணை வாங்குங்கள். அவரிடம் நான்கு விஷயம் கேட்க வேண்டும். எந்த ஊருக்கு இன்னும் யாரும் போகவில்லை, எந்த வழி திறந்திருக்கிறது, அரசின் நடமாடும் குழு நாளை எங்கே நிற்கிறது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் (பி.ஹெச்.சி.) கீழ் நாங்கள் வேலை செய்யலாம்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு பி.ஹெச்.சி.யின் கீழ் வேலை செய்தால் உங்கள் நோயாளிக்கு நாளைக்கு ஓர் இடம் இருக்கிறது, தனியாகக் கடைவிரித்தால் இல்லை. தாமிரபரணி வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. பாலங்களும் சாலைகளும் அறுந்து ஊர்கள் தீவுகளாகக் கிடந்தன. எந்தப் பக்கமாகப் போனால் போய்ச் சேரலாம் என்பது கூகுள் மேப்புக்குத் தெரியாது, அங்கே இருக்கிற கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும்.

வழக்கமான தவறு: அணியில் ஒருவரின் மாமா வீடு இருக்கும் ஊருக்குப் போவது, அல்லது வண்டி நிறுத்த வசதியான மெயின் ரோட்டிலேயே பேனரைக் கட்டுவது. மெயின் ரோட்டில் ஏற்கெனவே மூன்று முகாம் நடந்துகொண்டிருக்கும். மூன்றிலும் ஒரே ஆள் இருமல் மருந்து வாங்கியிருப்பார்.

2. வேலையை எழுதிவிட்டு ஆளைத் தேடுங்கள்

"யார் யார் வர்றீங்க?" என்று வாட்ஸ்ஆப்பில் கேட்டால் பன்னிரண்டு டாக்டர்களும் ஒரு பையனும் வருவார்கள். மாற்றிச் செய்யுங்கள். முதலில் வேலைகளை ஒரு தாளில் எழுதி, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆள் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு முகாம் என்றால் பத்துப் பேர் போதும்: ஒருங்கிணைப்பாளர் ஒருவர், டாக்டர் இருவர், செவிலியர் மூவர், மருந்தாளுநர் ஒருவர், பதிவுக்கு இருவர், ஓட்டுநர் ஒருவர். பெண் மருத்துவரோ பெண் செவிலியரோ கட்டாயம் வேண்டும். ஈரத்துணியோடு மூன்று நாள் இருந்த பெண்கள் தங்களுக்கு இருக்கும் தொந்தரவை ஆண் டாக்டரிடம் சொல்லப்போவதில்லை.

ஒருங்கிணைப்பாளர் டாக்டராக இருக்கக் கூடாது. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டால் எதிரே இருப்பவரைத் தவிர வேறு எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. வரிசை நீள்வதையும் தண்ணீர் தீர்வதையும் கவனிக்க, கை காலியாக உள்ள ஒருவர் வேண்டும். அவர் இருபத்தைந்து வயதுச் செவிலியராகக்கூட இருக்கலாம். ஆனால் "சார், இப்ப நிறுத்தணும்" என்று அவர் சொன்னால் அறுபது வயது சர்ஜனும் நிறுத்த வேண்டும். இதைக் கிளம்புவதற்கு முன்பே, எல்லாரும் இருக்கையில், சர்ஜன் வாயாலேயே சொல்லவையுங்கள். களத்தில் போய்ச் சொன்னால் எடுபடாது.

ஒவ்வொருவரிடமும் பதிவுச் சான்றின் நகல் வாங்குங்கள். மருத்துவ மாணவர்கள் பிபி பார்க்கலாம், பதிவு எழுதலாம், டாக்டர் பக்கத்தில் நின்று உதவலாம். மருந்து எழுதக் கூடாது. "அவசரத்துல பரவாயில்ல" என்று ஆரம்பித்தால் அது எங்கே முடியும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் கேளுங்கள்: உங்களுக்கு என்ன நோய், என்ன மாத்திரை? எங்கள் முதல் அணியில் ஒருவருக்கு வலிப்பு இருந்தது யாருக்கும் தெரியாது. இரண்டு இரவு தூக்கமில்லாமல் மூன்றாம் நாள் விழுந்தார். அன்று முகாமில் பார்த்த முதல் நோயாளி அவர்தான்.

3. பெட்டி கட்டுவது

வீடு வீடாக மருந்து சேகரிக்காதீர்கள். பாதி அட்டை, பெயர் தெரியாத பாட்டில், அடுத்த மாதம் காலாவதி என்று வரும். பிரித்து அடுக்க இரண்டு நாள் போய்விடும், பிறகு அதை அழிப்பது ஒரு தனி வேலை. நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. பணமாக வாங்கி, மொத்தக் கடையில் பில்லோடு நீங்களே எடுப்பது நல்லது. பில் இருந்தால் மிச்சத்தைத் திருப்பலாம்.

பட்டியலைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை, காயத்துக்கான சாமான், சேற்றுப்புண்ணுக்கான களிம்பு, எலிக்காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின், மூச்சிரைப்புக்கான சால்புட்டமால் இன்ஹேலர், அப்புறம் நாள்பட்ட நோய்க்கு, சுகருக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான அம்லோடிபைன் போன்ற நான்கைந்து. பி.ஹெச்.சி.யில் கொடுக்கும் அதே மருந்தை, அதே மில்லிகிராமில் எடுங்கள். நீங்கள் விலை உயர்ந்த கூட்டு மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தால் பத்து நாள் கழித்து அது அவருக்கு எங்கே கிடைக்கும்? கிடைக்காது, நிறுத்திவிடுவார்.

ரணஜன்னி தடுப்பூசி, இன்சுலின் போன்றவை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பி.ஹெச்.சி.யின் குளிர்பெட்டியில் அவர்கள் செவிலியரோடு சேர்ந்து எடுத்துப் போங்கள், கணக்கும் அங்கேயே ஏறிவிடும்.

அணிக்கென்று தனிப் பெட்டி ஒன்று: குடிதண்ணீர், அவல், கடலைமிட்டாய், டார்ச், முழங்கால் பூட்ஸ், மாற்று உடை, பவர் பேங்க். தண்ணீர் வடியாத ஊரில் பத்துப் பேருக்குச் சோறு கேட்டு நிற்பதைப் போல அசிங்கம் வேறில்லை. அவர்கள் கொடுக்கவும் செய்வார்கள், அதுதான் சங்கடம்.

4. கிளம்பும் முன் தீர்க்க வேண்டிய வாக்குவாதங்கள்

எல்லா அணியிலும் களத்தில் வெடிக்கும் சண்டைகள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் முதல் நாள் இரவே பேசி முடியுங்கள், முடிவை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

ஊசி. "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்பது நம் ஊரின் நம்பிக்கை. ஒரு டாக்டர் மறுக்க, பக்கத்து மேசை டாக்டர் பாவப்பட்டு ஒரு டைக்ளோஃபினாக் (வலி ஊசி) போட்டுவிட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் மொத்த வரிசையும் அவர் பக்கம் சாயும். காய்ச்சல் டெங்குவா எலிக்காய்ச்சலா என்று தெரியாத நேரத்தில் அந்த ஊசி ரத்தக்கசிவுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. ஆகவே காய்ச்சலுக்கு ஊசி கிடையாது, பாராசிட்டமால் மட்டும். இரண்டு டாக்டரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

ஆன்டிபயாடிக். சாதாரண வயிற்றுப்போக்குக்குத் தேவையில்லை, ஓ.ஆர்.எஸ்.தான் மருந்து. யாருக்கு எழுதலாம் என்று டாக்டர்கள் முன்பே பேசி ஒரு வரி எழுதி வைக்கட்டும்.

எலிக்காய்ச்சல் தடுப்பு. 2018 கேரள வெள்ளத்தின்போது, தண்ணீரில் இறங்கியவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் என்று அங்குள்ள சுகாதாரத்துறை பரவலாகக் கொடுத்தது. உங்கள் வட்டாரத்தில் கொடுப்பதா, யாருக்கு என்பதை வட்டார மருத்துவ அலுவலர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கும் இந்த மாத்திரை இல்லை. சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரோடு, போட்டதும் படுக்காமல் இருக்கச் சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் நெஞ்செரிச்சலில் அடுத்த வாரம் யாரும் தொட மாட்டார்கள்.

போட்டோ. நோயாளி முகம் தெரியும் படம் வேண்டாம். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டுமென்றால் மருந்துப் பெட்டியைப் படம் எடுங்கள்.

எப்போது நிறுத்துவது. மாலை ஐந்து மணிக்கு மேல் புது டோக்கன் இல்லை. மின்சாரம் இல்லாத ஊரில், பாம்பு நடமாடும் வழியில், இருட்டியபின் வண்டி எடுக்கக் கூடாது.

5. இடத்தை ஒரே திசையில் அமைப்பது

பள்ளிக்கூடமோ சமுதாயக்கூடமோ கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு கதவுகள். ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேற வேண்டும். பதிவு, செவிலியர் மேசை, டாக்டர், மருந்து, வெளியே. வந்த வழியே திரும்பினால் மருந்து வாங்கியவரும் வாங்காதவரும் கலந்துவிடுவார்கள். "எனக்கு மட்டும் சிரப் குடுக்கல" என்கிற புகார் அங்கேதான் பிறக்கும்.

வாசலுக்கு வெளியே, நிழலில், ஓ.ஆர்.எஸ். மூலை ஒன்று வையுங்கள். வயிற்றுப்போக்கோடு வருகிறவர் வரிசையில் நிற்கும் நேரத்தில் குடிக்க ஆரம்பிக்கலாம், மற்றவர்களுக்கும் தொற்றாது. இங்கே நடக்கும் ஒரே தவறை நூறு தடவை பார்த்திருக்கிறேன்: ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது. உப்பு கூடிப் பிள்ளைக்கு நிலைமை இன்னும் மோசமாகும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்து, அவர்கள் கண்முன் கரைத்துக் காட்டுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மருத்துவக் கழிவுக்கு முதல் நாளே ஏற்பாடு வேண்டும். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். ஊசிமுனை துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியிலும் ரத்தம்பட்ட பஞ்சு மஞ்சள் பையிலும் போக, மாலையில் பி.ஹெச்.சி.யில் ஒப்படைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தால் அடுத்த வாரம் பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள்.

6. காலைப் பத்து நிமிடம்

முகாம் திறக்கும் முன் எல்லாரும் நின்றபடி வட்டமாக. உட்கார்ந்தால் அரை மணி ஆகிவிடும். இன்று எந்த ஊர், யாருக்கு என்ன வேலை, யார் இல்லாவிட்டால் அவர் இடத்தில் யார், அவசரம் என்றால் எந்த மருத்துவமனை, எந்த வழி. பிறகு ஒவ்வொருவரும் தன் வேலையைத் தன் வாயால் ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு பேர் ஒரே வேலையைச் சொல்வதும், ஒரு வேலையை யாருமே சொல்லாததும் அங்கேதான் வெளிவரும். ஒரு காலையில் ஆக்சிமீட்டர் யாரிடம் என்று கேட்டபோது நான்கு பேர் நான்கு பேரைக் கை காட்டினார்கள். அது விடுதி மேசையில் இருந்தது.

சட்டையில் பெயரும் வேலையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மாஸ்க் போட்ட பத்துப் பேரில் டாக்டர் யார், ஓட்டுநர் யார் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியாது, புதிதாகச் சேர்ந்த உங்கள் ஆளுக்கும் தெரியாது.

7. வரிசையில் முதலில் யார்

டோக்கன் எண் வரிசை நியாயமாகத் தெரியும். ஆனால் அதில் பலமானவருக்குத்தான் முதல் எண். அதனால் ஒரு செவிலியரை வரிசையின் நெடுக நடக்கவிடுங்கள். மூச்சு வாங்குகிறவர், மயங்கித் தள்ளாடுகிறவர், கண் மஞ்சளோடு காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காத குழந்தை, பாம்புக்கடி, வயிற்று வலியோடு கர்ப்பிணி ஆகியோருக்குச் சிவப்பு நூல் ஒன்றைக் கையில் கட்டி நேராக உள்ளே அனுப்ப வேண்டும். ஏன் அவர் முன்னால் போகிறார் என்பதை வரிசைக்குச் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மக்களே வழிவிடுவார்கள்.

சுகர்க்காரர்களை இந்தச் செவிலியர் இன்னொரு கண்ணாலும் பார்க்க வேண்டும். நிவாரண முகாமில் சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் பழக்கத்தில் காலை மாத்திரையை மட்டும் போட்டுவிடுவார்கள். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி வருகிறவருக்குச் சுகர் ஏறியிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், இறங்கியிருக்கலாம். ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும்.

எத்தனை பேரைப் பார்க்கலாம்? நடமாடும் அவசர மருத்துவ அணி நாளுக்குக் குறைந்தது 50 புறநோயாளிகளைப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. நம் ஆட்கள் பேனரில் போட முந்நூறு, ஐந்நூறு என்று குறி வைப்பார்கள். இரண்டு டாக்டருக்கு ஐந்நூறு என்றால் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. நூற்றைம்பதைத் தாண்டும்போதே என் மேசைக்கு வரும் சீட்டுகளில் வயது காணாமல் போக ஆரம்பிக்கும். அதுதான் எனக்கு அளவுகோல்.

8. சீட்டு: அணியை ஒட்டவைக்கும் பசை

ஒருவருக்கு ஒரே சீட்டு, நான்கு மேசைக்கும் அதுவே. பெயர், வயது, ஊர், போன் எண், ஒவ்வாமை உண்டா, கர்ப்பமா, ஏற்கெனவே போடும் மாத்திரை, இன்று என்ன பார்த்தோம், என்ன கொடுத்தோம், அடுத்து எங்கே எப்போது. கார்பன் வைத்து இரண்டு பிரதி. ஒன்று நோயாளிக்கு, ஒன்று பி.ஹெச்.சி.க்கு. செல்போன் செயலியில் பதியலாம்தான், ஆனால் டவர் விழுந்த ஊரில் சார்ஜும் இல்லாமல் என்ன செய்வீர்கள்? தாள்தான் கடைசிவரை நிற்கும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுங்கள்.

இப்போது என் மேசைக் கதை. "என்ன மாத்திரை பாட்டி போடுவீங்க?" என்று கேட்டால் "சின்னதா, வெள்ளையா, காலைல ஒண்ணு" என்பார். மெட்ஃபார்மினும் வெள்ளை, அம்லோடிபைனும் வெள்ளை, தைராய்டு மாத்திரையும் வெள்ளை. முதல் அணியில் இதற்கு ஊகம்தான் நடந்தது. தாமிரபரணிக் கரையில் எங்களைக் காப்பாற்றியது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் உள்ளூர்ப் பெண் தன்னார்வலர். வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கிறவர் என்பதால் யாருக்கு எது என்று நோட்டில் இருந்தது, நோட்டு நனைந்த இடங்களில் மனதில் இருந்தது. அவரை மருந்து மேசையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தோம். அவருடைய வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றிருந்தது என்பதை மத்தியானம்தான் சொன்னார். உங்கள் அணியின் மிக முக்கியமான ஆள் பெரும்பாலும் உங்களோடு வண்டியில் வந்தவராக இருக்க மாட்டார்.

மருந்து கொடுக்கும்போது அட்டையைத் துண்டு துண்டாக வெட்டாதீர்கள், பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். உறையில் காலை, மதியம், இரவு என்று எழுதி, படிக்காதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து, "எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று திருப்பிச் சொல்லக் கேளுங்கள். நாள்பட்ட நோய்க்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு மட்டும் போதும். அதற்குள் பி.ஹெச்.சி. வழக்கத்துக்கு வந்துவிடும், நோயாளியும் அங்கே திரும்புவார்.

திருப்பிச் சொல்வது அணிக்குள்ளும் வேண்டும். "பாராசிட்டமால் இருநூற்றைம்பது, அந்தக் குழந்தைக்கு" என்று டாக்டர் தலையைத் தூக்காமல் சொன்னால், செவிலியர் குழந்தையின் பெயரோடு அதைச் சொல்லி, டாக்டர் ஆமாம் என்ற பிறகே கை அசைய வேண்டும். சத்தத்தில் எந்தக் குழந்தை என்பது மாறிப்போக ஒரு நொடி போதும்.

9. மேல்சிகிச்சைக்கு அனுப்புவது

"ஜி.ஹெச்.சுக்குப் போங்க" என்று சொல்வது அனுப்புவது ஆகாது. எந்த வழியில் போவார், காசு இருக்கிறதா, அங்கே தண்ணீர் வடிந்து வார்டு நடக்கிறதா? 108க்கு ஒருங்கிணைப்பாளர் போன் செய்ய வேண்டும், டாக்டர் அல்ல. வண்டி வர முடியாத தெரு என்றால் டிராக்டரில் எந்த இடம்வரை கொண்டுவந்து சேர்ப்பது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். போகும் இடத்துக்கு யார், என்ன பிரச்சினை, என்ன கொடுத்தோம், என்ன எதிர்பார்க்கிறோம் என்று நான்கே வரியில் போனில் சொல்லி, அதையே சீட்டிலும் எழுதி அனுப்புங்கள்.

அனுப்பியவர்களின் பெயரைத் தனியாக ஒரு தாளில் எழுதி, மாலையில் ஒவ்வொருவருக்கும் போன் செய்து போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க ஓர் ஆள் போடுங்கள். நாங்கள் முதல் முறை கேட்டபோது ஒன்பது பேரில் நான்கு பேர் போகவே இல்லை. வீட்டைப் பூட்ட முடியவில்லை, மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று காரணங்கள். மாட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்ததும் ஒருவர் கிளம்பினார்.

10. வராதவர்களைத் தேடிப் போவது

முகாமுக்கு வருகிறவர் நடக்க முடிந்தவர். டயாலிசிஸ் செய்துகொள்பவர், நிறைமாத கர்ப்பிணி, காசநோய் மாத்திரை போடுபவர், மனநல மருந்து சாப்பிடுபவர், படுத்த படுக்கையாக இருப்பவர் எல்லாம் வீட்டில்தான் இருப்பார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பிரசவத் தேதிப் பட்டியல் இருக்கும், அங்கன்வாடிப் பணியாளரிடம் குழந்தைகளின் கணக்கு இருக்கும். காலை பத்து மணிக்குள் இந்தப் பட்டியலை வாங்கி, மூன்றாவது செவிலியரும் உள்ளூர்த் தன்னார்வலரும் ஜோடியாகப் போகட்டும். வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்படுபவர்தான் பட்டியலில் முதல் பெயர், அவருக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

தனியாக யாரும் போகக் கூடாது. கையில் கம்பு, காலில் பூட்ஸ். அறுந்த மின்கம்பி தெரிந்தால் அந்தத் தெருவே வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

வீட்டில் உட்கார்ந்தால் முதலில் கேட்பது நோயை அல்ல. சேறு அப்பிய வீட்டில் நின்று ஒருவர் தன் இழப்பைச் சொல்லும்போது "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள், உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டுக்கொண்டிருங்கள். தூக்கமே இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்கிற பேச்சு வந்தால் மனநல உதவி எண் 14416ஐக் கொடுப்பதோடு விடாமல் நீங்களே டயல் செய்து பேசவைத்து, பி.ஹெச்.சி. டாக்டர் காதிலும் போடுங்கள்.

11. அணிக்குள் இருப்பவர்களையும் பாருங்கள்

ஆளுக்கொரு ஜோடி. சாப்பிட்டாரா, தண்ணீர் குடித்தாரா, முகம் சரியாக இருக்கிறதா என்று ஜோடி பார்க்க வேண்டும். இரண்டு மணிக்கு எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடப் போகாதீர்கள், பாதிப் பாதியாகப் போங்கள். தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் ஒருவரை வைக்காதீர்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, இன்னும் ரெண்டு நாள் இருக்கேன்" என்பவர்தான் முதலில் அனுப்பப்பட வேண்டியவர்.

12. மாலைக் கணக்கு

வண்டி ஏறும் முன் கால் மணி நேரம். எத்தனை பேர், எத்தனை காய்ச்சல், எத்தனை வயிற்றுப்போக்கு, எந்தத் தெரு. ஒரே தெருவில் ஐந்து வயிற்றுப்போக்கு என்றால் இரவே பி.ஹெச்.சி. சுகாதார ஆய்வாளருக்குப் போன் போக வேண்டும், அறிக்கை எழுதி நாளை அனுப்புவதெல்லாம் தாமதம். அவர் அந்தத் தெருத் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த ஒரு போன் நம் நூறு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைவிட அதிக வேலை செய்யும்.

பிறகு அணியின் தவறுகள். என்ன நடந்தது, நாளை எப்படி மாற்றுவது என்று மட்டும் பேசுங்கள். யார் செய்தது என்று ஆரம்பித்தால் மறுநாள் எல்லாரும் மறைப்பார்கள். என் தவறை நானே முதலில் சொல்லிவிடுவது வழக்கம்: ஒருநாள் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் உறையைக் கொடுத்துவிட்டு, வாசலில் ஓடிப்போய்ப் பிடித்தேன். அதைச் சொன்ன பிறகுதான் மற்றவர்களும் வாய் திறந்தார்கள், பிள்ளைகளின் உறைக்கு வேறு நிறம் என்ற ஏற்பாடும் வந்தது.

13. திரும்புவது

திரும்பும் தேதியை முதல் நாளே ஊருக்குச் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் புது நோயாளி பார்ப்பதை மத்தியானத்தோடு நிறுத்தி, பி.ஹெச்.சி. டாக்டரோடும் கிராம சுகாதார செவிலியரோடும் உட்காருங்கள். சீட்டுப் பிரதிகள், அனுப்பப்பட்டவர்களின் பட்டியல், மறுபடி பார்க்க வேண்டியவர்களின் பட்டியல் ஆகியவற்றை எண்ணி ஒப்படைத்து கையெழுத்து வாங்குங்கள். மிச்ச மருந்தை "வச்சுக்கோங்க" என்று தலையில் கட்டாதீர்கள். அவர்களுக்கு எது வேண்டுமென்று கேட்டு அதை மட்டும் பட்டியலோடு கொடுத்து, மற்றதைக் கடையில் திருப்புங்கள்.

வீட்டுக்கு வந்தபின் அடுத்த ஒரு மாதத்தில் அணியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் "வெள்ளத் தண்ணீரில் இறங்கினேன்" என்ற வாக்கியத்தை டாக்டரிடம் முதல் வரியாகச் சொல்ல வேண்டும்.

பத்தாம் நாள், மறுபடி பார்க்க வேண்டியவர்களின் பட்டியலை எடுத்து கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன். எங்கள் பட்டியலில் பதினேழு பெயர் இருந்தது, பதினைந்துக்கு டிக் விழுந்தது. ஒருவர் மகள் வீட்டுக்குத் தென்காசி போயிருந்தார், அங்கே பக்கத்து பி.ஹெச்.சி.யைச் சொல்லிவிட்டோம். இன்னொருவரைக் கண்டுபிடிக்க மேலும் ஒரு வாரம் ஆனது. அவருக்கும் டிக் போட்ட பிறகு வாட்ஸ்ஆப் குழுவைக் கலைத்தோம், அதில் நோயாளிகளின் விவரம் இருந்ததால் எல்லாருடைய போனிலிருந்தும் அழிக்கச் சொல்லி.